மது மீட்புச் சிகிச்சையின்போது தோன்றும் எரிச்சலும் விரக்தியும்

மது அடிமை நோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவர், குடியை நிறுத்திய சில நாள்களிலேயே உடலும் மனமும் தெளிந்துவிடும் என எதிர்பார்ப்பது இயல்பு. குடும்பத்தினரின் எதிர்பார்ப்பும் அதுவே. நடைமுறையில் பெரும்பாலானோரிடம் தெளிவுக்கு முன்பாக எரிச்சலே தலைதூக்குகிறது. உணவு பிடிப்பதில்லை, உறக்கம் வருவதில்லை, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் இருமலைக்கூடப் பொறுக்க முடிவதில்லை. "இவ்வளவு கஷ்டப்பட்டு என்ன கண்டேன்" என்ற சலிப்பு நெஞ்சை அடைக்கிறது. மது நீங்கிய மூளை தன் பழைய சமநிலையைத் தேடும் காலத்தில் எதிர்பார்க்கத்தக்க கட்டம் இது. கவனியாமல் விடப்பட்டால், சிகிச்சையைப் பாதியில் கைவிடுவதற்கும் மீண்டும் குடிக்கத் தொடங்குவதற்கும் இதுவே வழியாக அமைந்துவிடுகிறது.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதைச் சார்பு சிகிச்சை மையம் மேற்கொண்டு, 2019ஆம் ஆண்டில் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, மதுவைச் சார்ந்து வாழ்வோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு வகைச் சிகிச்சையோ உதவியோ பெற்றுள்ளார். வெட்கம், பணம், வேலை, தூரம் எனப் பல தடைகளைத் தாண்டிச் சிகிச்சைக்கு வந்து சேர்ந்த ஒருவர், சில நாள் எரிச்சலின் காரணமாகத் திரும்பிச் செல்வது பெரிய இழப்பு.

எரிச்சல் ஏன் தோன்றுகிறது?

மது, மூளையின் செயல்பாட்டை மந்தப்படுத்தும் பொருள். பல ஆண்டுகள் தொடர்ந்து குடிக்கும்போது, அம்மந்தத்தை ஈடுகட்டும் பொருட்டு மூளை தன்னுள் அமைதியூட்டும் வேதிச் செயல்பாட்டைக் குறைத்தும், கிளர்ச்சியூட்டும் வேதிச் செயல்பாட்டைக் கூட்டியும் வைத்துக்கொள்கிறது. மது திடீரென நிற்கும்போது கிளர்ச்சியே ஓங்கி நிற்கிறது. மேட்டில் பாரம் இழுத்துவரும் மாட்டின் நுகத்தடியை ஒரே கணத்தில் அவிழ்த்துவிட்டால் அது முன்னோக்கிப் பாய்வதைப் போன்றது இந்நிலை.

கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 8 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு ஆகிய விலகல் அறிகுறிகள் தொடங்கலாம். சிலருக்கு முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். வேறு சிலருக்கு இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே இடம், நேரம் தெரியாத குழப்பம், இல்லாதவற்றைக் காணுதல், கடும் நடுக்கம், காய்ச்சல் ஆகியவை சேர்ந்த சன்னி நிலை ஏற்படலாம். இது உயிருக்கு ஆபத்தானது. ஆகவே நாள்தோறும் அதிக அளவில் குடித்துவந்த ஒருவர், மன உறுதியை மட்டும் நம்பி வீட்டிலேயே திடீரென நிறுத்துவது பாதுகாப்பானதன்று. மருத்துவமனையில் குளோர்டயசெப்பாக்சைடு, லோரசெபாம் போன்ற மருந்துகளும் தயமின் என்னும் வைட்டமின் பி1 ஊசியும் அளிக்கப்பட்டு இக்கட்டம் கடக்கப்படுகிறது. முதல் வாரத்தில் தோன்றும் கடும் எரிச்சலைக் கோபக்குணம் என ஒதுக்காமல், செவிலியரிடமோ மருத்துவரிடமோ உடனே தெரிவிக்க வேண்டும்.

அதன் பின்னர் வருவது வேறு வகை. நடுக்கம் நின்றுவிடும், பசி திரும்பும், ஆனால் எதிலும் சுவை இராது. மகிழ்ச்சியை உணரச்செய்யும் மூளைப் பகுதிகள் பல ஆண்டுகளாக மதுவின் வலுவான தூண்டுதலுக்கே பழகியவை. பிள்ளையின் சிரிப்பு, பிடித்த உணவு, ஊர்த் திருவிழா போன்ற இயல்பான இன்பங்கள் அவற்றுக்குப் போதுமானவையாகத் தோன்றாத காலம் ஒன்று உண்டு. இக்காலம் சில வாரங்களில் முடிவதும் உண்டு. பல மாதங்கள் நீடிப்பதும் உண்டு. உறக்கக் குறைவு பெரும்பாலும் கடைசியாகவே சீராகிறது. நினைவாற்றலும் முடிவெடுக்கும் திறனும் மாதக் கணக்கில் படிப்படியாக மேம்படுகின்றன.

இதற்கிடையே உடலில் நிகழும் நல்ல மாற்றங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. கல்லீரலில் படிந்த கொழுப்பு, குடியை அறவே நிறுத்திய சில வாரங்களிலேயே குறையத் தொடங்குகிறது. இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகளின் அளவும் இறங்குகிறது. "ஒன்றும் மாறவில்லை" என்று சோர்ந்திருப்பவர், சேர்ந்த நாளின் அறிக்கையையும் ஒரு மாதத்துக்குப் பிந்தைய அறிக்கையையும் அருகருகே வைத்துக் காட்டுமாறு மருத்துவரிடம் கேட்கலாம். தாளில் உள்ள எண்கள் சிலருக்கு அறிவுரையைவிட அதிகத் தெம்பு தருகின்றன.

மது நின்று இரண்டு முதல் நான்கு வாரங்கள் கடந்தும் மனச்சோர்வும் நம்பிக்கையின்மையும் குறையவில்லையெனில், மதுவுக்கு அடியில் மறைந்திருந்த மனச்சோர்வு நோயோ பதற்ற நோயோ இருக்கக்கூடும். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

விரக்தியின் மாறுவேடம்

மறுவாழ்வு மையத்தில் தங்கியிருப்பவரிடம் குடி வேட்கை எப்போதும் "குடிக்க வேண்டும்" என்ற எண்ணமாக வருவதில்லை. "இங்கிருந்து போக வேண்டும்" என்ற நியாயமாகவே பெரும்பாலும் வருகிறது. இரண்டாவது, மூன்றாவது வாரங்களில், உடல் தேறி நடுக்கம் மறைந்த பிறகு, இப்பேச்சு வலுப்பதைச் சிகிச்சைப் பணியில் இருப்போர் அனைவரும் அறிவர். மகளிர் குழுக் கடனின் தவணை நெருங்குகிறது. மேஸ்திரி வேறு ஆளை வேலைக்கு வைத்துவிடுவார். அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை. மற்றவர்களைப் போல நான் பெருங்குடிகாரன் அல்லன். ஆலோசகர் வயதில் சிறியவர், அவருக்கு என் வாழ்க்கை என்ன தெரியும்? இவற்றுள் பல உண்மையாகவே இருக்கும். அதனால்தான் இவற்றை மறுத்துப் பேசுவதால் பயன் விளைவதில்லை.

இவ்விடத்தில் ஓர் எளிய அடையாளம் உதவும். காலையில் உணவு காரணமாகச் சொல்லப்படுகிறது, மதியம் கடன், இரவில் பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டை. காரணங்கள் மாறிக்கொண்டே இருக்க, "வீட்டுக்குப் போக வேண்டும்" என்ற முடிவு மட்டும் மாறாமல் நிற்குமாயின், பேசுவது வேட்கையோ என ஐயுற இடமுண்டு. மாறாக, ஒரே காரணம் இரண்டு மூன்று நாள்களாக அப்படியே நிற்குமாயின், அது தீர்க்கப்பட வேண்டிய உண்மைச் சிக்கல் என்றே கொள்ள வேண்டும்.

ஆகவே சிகிச்சையின் தொடக்கத்திலேயே, மனம் அமைதியாக உள்ள வேளையில், வெளியேறும் முடிவை இரவில் எடுப்பதில்லை என்ற உடன்பாட்டைத் தமக்குத் தாமே செய்துகொள்வது நலம். உண்டு, உறங்கி எழுந்து, மறுநாள் பகலில் மருத்துவரிடம் நேரில் சொன்ன பிறகே அம்முடிவு எடுக்கப்பட வேண்டும். இரவு 9 மணிக்குப் பொறுக்க முடியாததாகத் தோன்றிய பலவும் மறுநாள் 11 மணிக்குப் பேசித் தீர்க்கக்கூடியவையாகத் தெரியும். தவணையோ வேலையோ உண்மையான கவலையெனில், மருத்துவ சமூகப் பணியாளர் மூலம் குழுத் தலைவியிடமோ வேலை கொடுப்பவரிடமோ பேச ஏற்பாடு செய்யலாம். மருத்துவச் சான்றிதழ் பெறலாம். நாள்கூலி பெறுபவருக்கு ஒரு மாத வருமான இழப்பு சிறிய செய்தியன்று. அதைப் பேசாமல் "பொறுமையாக இருங்கள்" என்று மட்டும் சொல்வது, சொல்பவர் எவராயினும், சிகிச்சைக்கு உதவாது.

நியாயமான குறைகள்

சிகிச்சை பெறுபவர் எரிச்சலுடன் சொல்வதெல்லாம் நோயின் பேச்சு எனத் தள்ளிவிடுவது தவறு. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் கீழ் மது மற்றும் போதைப் பொருள் சார்ந்த மனநிலைக் கோளாறுகளும் மனநோய் என்ற வரையறைக்குள் அடங்கும். எனவே அச்சட்டம் வழங்கும் உரிமைகள் போதை மீட்புச் சிகிச்சை பெறுவோருக்கும் உரியவை. எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தல் தடை செய்யப்பட்டுள்ளது. கட்டாயமாக மொட்டையடித்தல் கூடாது. விருப்பத்துக்கு மாறாக மையத்தில் வேலை வாங்குதல் கூடாது. விரும்பிச் செய்த வேலைக்கு ஊதியம் தரப்பட வேண்டும். உறவினரைச் சந்திக்கவும் தொலைபேசியில் பேசவும் உரிமை உண்டு. மையத்தின் விதிப்படி தொலைபேசி நேரம் வரையறுக்கப்படுவது எரிச்சலூட்டினும் பொறுத்துக்கொள்ளத் தக்கது; அடிப்பதும் பட்டினி போடுவதும் எவ்வகையிலும் சிகிச்சையாகா.

தாமாக முன்வந்து சேர்ந்தவர் தம் விருப்பப்படி வெளியேறலாம். அவருடைய உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து நேரக்கூடும் என மனநல வல்லுநர் கருதினால், மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் வரை அவரை நிறுத்தி வைக்கச் சட்டம் இடமளிக்கிறது. குறை இருப்பின் முதலில் மையத்தின் பொறுப்பு மருத்துவரிடமும், தீராவிடில் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் முறையிடலாம். தனியார் மையத்தில் சேர்ப்பதற்கு முன், அது மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா எனக் குடும்பத்தினர் கேட்டறிய வேண்டும்.

எரிச்சல் மிகும் வேளையில்

குடி வேட்கை அலையைப் போன்றது. எழுந்து, உச்சம் தொட்டு, தானாகவே தணியும். பெரும்பாலும் 20 முதல் 30 நிமிடங்களுக்குள் அதன் வேகம் குறைந்துவிடும். அந்த அரை மணி நேரத்தைக் கடப்பதே அப்போதைய வேலை. இடத்தை விட்டு எழுந்து நடத்தல், குளிர்ந்த நீரில் முகம் கழுவுதல், மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக வெளிவிடுதல், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பேசுதல் ஆகியவற்றுள் எது தமக்கு உதவுகிறது என்பதை ஒவ்வொருவரும் பழகிக் கண்டறிய வேண்டும். "கோபமாக இருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை" என்று வாய்விட்டுச் சொல்வதே சிலருக்குப் பாதிச் சுமையை இறக்கிவிடுகிறது.

எரிச்சல் வந்தவுடன் நான்கு கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்ளும் வழக்கம் உலகெங்கும் மீட்புக் குழுக்களில் உள்ளது: பசிக்கிறதா, கோபமா, தனிமையா, களைப்பா? இவற்றுள் பசியே மிக அதிகமாகக் கவனிக்கப்படாமல் போவது. பல ஆண்டுகள் உணவுக்குப் பதிலாக மதுவையே உட்கொண்டவருக்குப் பசி என்பது வயிற்றில் தெரியாமல் சிடுசிடுப்பாகத் தெரியும். காலை உணவைத் தவிர்க்காமையும், மாலை 5 மணியளவில் சுண்டலோ வாழைப்பழமோ உண்பதும் மருந்துக்கு நிகரான பயன் தரும். குடிக்கும் நேரமாக இருந்த மாலைப் பொழுதில் வயிறு நிறைந்திருப்பது வேட்கையின் வேகத்தைக் குறைக்கிறது.

உறக்கம் வரவில்லை என்பதற்காக மருந்துக் கடையில் தாமாகத் தூக்க மாத்திரை வாங்குதல் கூடாது. அம்மாத்திரைகள் பலவும் மதுவைப் போன்றே மூளையில் செயல்பட்டுப் புதிய அடிமைத்தனத்தை உண்டாக்கக்கூடியவை. மாலைக்குப் பிறகு தேநீர், காப்பியைக் குறைத்தல், பகலில் உறங்காமை, நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல் ஆகியவை மெதுவாகவேனும் பலன் தருகின்றன.

வீடு திரும்பிய பின்

மையத்தில் தங்கியிருந்த நாள்களைவிட வீடு திரும்பிய முதல் மூன்று மாதங்களே கடினமானவை. அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட்டும் அவருடன் பணியாற்றியோரும், சிகிச்சைக்குப் பின் மீண்டும் போதைப் பழக்கத்தில் சறுக்கிய நிகழ்வுகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 35 விழுக்காட்டில் விரக்தி, கோபம், சோர்வு போன்ற மனநிலைகளே காரணமாக இருந்தன. பிறருடன் ஏற்பட்ட பூசல் 16 விழுக்காட்டிலும், நண்பர்களின் வற்புறுத்தல் 20 விழுக்காட்டிலும் காரணமாயின. "கூட்டாளிகளை விட்டால் போதும்" என்று நம்பும் குடும்பங்கள் இவ்வெண்களைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்குள் நிகழும் பூசலும் உள்ளத்தில் சேரும் கசப்பும் சேர்ந்தால், நண்பர்களைவிட அவையே பெரிய தூண்டுதல்.

அக்கசப்பில் முதன்மையானது, நம்பிக்கை திரும்பக் கிடைக்காமை. 40 நாள்களாகக் குடிக்காதவர் பேருந்து தாமதமாகி இரவு எட்டரை மணிக்கு வீட்டுக்கு வருகிறார். மனைவி வாயருகே முகர்ந்து பார்க்கிறார். மகன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். "குடித்தாலும் பேச்சு, குடிக்காவிட்டாலும் பேச்சு, பிறகு எதற்கு" என்ற எண்ணம் எழுகிறது. இருதரப்பிலும் நியாயம் உண்டு. பத்தாண்டு ஏமாற்றத்தைக் கண்ட குடும்பம் 40 நாளில் நம்பிவிடாது. நம்புமாறு கேட்கும் உரிமையும் அதற்குள் வந்துவிடாது. மீள்பவர் இதை அவமதிப்பாகக் கருதாமல், தாமதமானால் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லுதல், கூலிப் பணத்தைச் சில மாதங்களுக்கு மனைவியிடமோ தாயிடமோ கொடுத்து வைத்தல், மருத்துவமனைச் சீட்டைக் காட்டுதல் போன்ற செயல்களால் பதில் சொல்லலாம். குடும்பத்தினர் முகர்ந்து பார்ப்பதற்கு மாற்றாக, மாத்திரை உட்கொள்வதைக் காலையில் இருவரும் சேர்ந்து உறுதி செய்துகொள்வது போன்ற வெளிப்படையான ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம்.

சம்பள நாள், சாவு வீடு, திருமண வீடு, தீபாவளி, பொங்கல் ஆகிய நாள்களுக்கு முன்னேற்பாடு வேண்டும். எவ்வளவு நேரம் இருப்பது, யாருடன் செல்வது, கிளாசை நீட்டுபவரிடம் என்ன சொல்வது என்பவற்றை முந்தைய நாளே முடிவு செய்ய வேண்டும். "மருந்து சாப்பிடுகிறேன், டாக்டர் கூடாது என்று சொல்லியிருக்கிறார்" என்ற ஒரு வரியே பெரும்பாலும் போதுமானது.

குடும்பத்தினருக்கு

மது விலகிய எரிச்சலைப் புரிந்துகொள்வது என்பது அடியையும் வசைச்சொல்லையும் பொறுத்துக்கொள்வதாகாது. வன்முறைக்கு நோய் ஒரு விளக்கமாகலாம், அனுமதியாகாது. பாதிக்கப்படும் பெண்கள் 181 என்ற எண்ணை அழைக்கலாம். ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைச் சுமந்தவர்களின் களைப்பும் சிகிச்சைக்குரியதே. அல்-அனான் போன்ற குடும்பத்தினர் குழுக்களும் மருத்துவமனையின் குடும்ப ஆலோசனையும் அவர்களுக்காகவே உள்ளன.

விளம்பரங்களில் காணப்படும், "குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலக்கலாம்" எனப்படும் பொடிகளை ஒருபோதும் தரக் கூடாது. டைசல்பிரம் என்னும் மருந்து உடலில் உள்ளபோது மது அருந்தினால் முகம் சிவத்தல், கடும் வாந்தி, மூச்சுத்திணறல், இரத்த அழுத்தச் சரிவு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம் வரையிலும் இவ்விளைவு நேரலாம். நோயாளி முழுமையாக அறிந்து ஒப்புதல் அளித்த பின்னரே மருத்துவர் இதனைப் பரிந்துரைப்பார். இரகசியமாகக் கொடுத்தது தெரியவரும் நாளில், மீதமிருந்த நம்பிக்கையும் போய்விடும்.

மருந்துகள் பற்றிய சலிப்பு

"ஒரு போதையை விட்டு மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனா?" என்பது புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி கேட்கப்படும் வினா. வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் ஆகியவை அடிமைப்படுத்தும் மருந்துகள் அல்ல. விலகல் அறிகுறிகளுக்காகத் தரப்படும் அமைதியூட்டும் மருந்துகளே அத்தன்மை கொண்டவை; அவை குறுகிய காலத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தப்படுகின்றன. எந்த மருந்தையும் தாமாக நிறுத்தாமல், தொல்லை இருப்பின் மருத்துவரிடம் கூறி மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரு முறை குடித்துவிட்டால்

ஒரு முறை சறுக்கியவர் பலர் "எல்லாம் போயிற்று" என்ற விரக்தியிலேயே முழுக் குடிக்குத் திரும்புகின்றனர். அந்த ஒரு குவளையைவிட அவ்விரக்தியே அதிகக் கேடு செய்கிறது. அன்றே நிறுத்தி, 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக் குழுவிடம் சொல்ல வேண்டும். குடியை விட்டிருந்த காலத்தில் உடலின் தாங்கும் அளவு குறைந்திருக்கும். முன்பு குடித்த அதே அளவைக் குடிப்பது ஆபத்தானது. மருத்துவரிடம் திட்டு வாங்க நேருமோ என அஞ்சித் தவணைச் சந்திப்பைத் தவிர்ப்பவர் பலர். சறுக்கிய பின் வருவோரே அச்சந்திப்பால் மிகுந்த பயன் பெறுவர். எந்த நேரத்தில், எந்த மனநிலையில் சறுக்கல் நேர்ந்தது எனக் குறித்துக்கொண்டு வந்தால் சிகிச்சையைத் திருத்தியமைக்க உதவும்.

உடனடி உதவி தேவைப்படும் நிலைகள்

வலிப்பு, இடம் நேரம் தெரியாத குழப்பம், இல்லாதவற்றைக் காணுதல், இரத்த வாந்தி ஆகியவை தோன்றினால் 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். "இருந்து என்ன பயன்" என்ற பேச்சு எழுந்தால் அதைக் குடிகாரப் பேச்சு என ஒதுக்காமல், தற்கொலை எண்ணம் உள்ளதா என நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. அவரைத் தனியே விடாமல், பூச்சிமருந்து, கயிறு, மாத்திரைகள் ஆகியவற்றை அப்புறப்படுத்திவிட்டு உதவி நாட வேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். போதை மீட்பு ஆலோசனைக்குத் தேசிய எண் 14446. தமிழ்நாட்டில் மருத்துவத் தகவலுக்கு 104.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் ஆகியவற்றின் மனநலப் பிரிவில் மது மீட்புச் சிகிச்சை கட்டணமின்றி வழங்கப்படுகிறது. "கலங்கரை" என்னும் பெயரிலான ஒருங்கிணைந்த போதை மீட்பு மற்றும் மறுவாழ்வு மையங்களும் 2025ஆம் ஆண்டு முதல் செயல்பட்டு வருகின்றன. அழைக்கும்போதும் நேரில் வரும்போதும், கடைசியாகக் குடித்த நாள் மற்றும் நேரம், வழக்கமாகக் குடித்த அளவு, முன்பு வலிப்பு வந்ததுண்டா, தற்போது உட்கொள்ளும் மாத்திரைகள் எவை என்ற விவரங்களைத் தயாராக வைத்திருப்பது நலம். பழைய மருத்துவச் சீட்டுகள் இருப்பின் அவற்றையும் எடுத்து வர வேண்டும்.